இரண்டாம் பாதி பார்க்காதவர்

கொட்டாஞ்சேனை கிளின்ரன் பதினெட்டு வருடங்களாக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதி வருகிறார். இந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு படம். மற்றவை எல்லாம் இடைவேளை வரைக்கும்தான். விளக்குப் போட்டவுடன் எழுந்து, கோப்பி குடிக்கப் போகிறவர்களின் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வருவார். அவர்கள் கன்ரீன் பக்கம் திரும்புகிற இடத்தில் இவர் தெருப்பக்கம் திரும்பிவிடுவார்.

பத்தியின் பெயர் ‘கடைசி வரிசையிலிருந்து’. வாசகர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். பாமர ரசிகனின் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் அறம் என்று ஒருவர் வாசகர் கடிதமே எழுதினார். கடைசி வரிசைதான் வாசலுக்குக் கிட்ட என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொழிலில் அவர் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் கிளார்க். லொறியில் வந்திறங்கும் பெட்டியின் முத்திரை இலக்கத்தையும் கடதாசியில் உள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். உள்ளே இருப்பதைப் பார்க்காமலே அதற்குப் பொறுப்பெடுப்பதில் அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது என்று சொல்ல வருகிறேன்.

வெகுசனப் படங்களின் இரண்டாம் பாதி அவருக்கு றிகாஸ் மூலம் வந்து சேரும். கொட்டாஞ்சேனைச் சந்திக்குப் பக்கத்தில் போன் கவர், சார்ஜர் விற்கிற றிகாஸ், எந்தப் பெரிய நடிகரின் படத்தையும் முதல் நாள் முதல் காட்சியே பார்த்துவிடுகிற ஆள். ஞாயிறு வெளியாகும் விமர்சனத்துக்கு வெள்ளி பின்னேரம் கடையில் வைத்துக் கதை கேட்பார் கிளின்ரன்.

“செக்கண்ட் ஹாப் எப்பிடி றிகாஸ்?”

“அத ஏன் கேக்குறீங்க அண்ணே. வில்லன் செத்துப் பெய்த்தான். ஆனா சாகல்ல. பார்ட் டூ ஈக்கி.”

“பாட்டு?”

“பாட்டு வரக்கொள்ள நான் வெளிய போன் கதைக்கப் போன. ஆனா பொடியனுகள் ஆடினானுகள்.”

இதைக் கிளின்ரன் ‘பிற்பகுதிப் பாடல் கதையோட்டத்துக்கு வெளியே நிற்கிறது, எனினும் இளையோரைக் கவரத் தவறவில்லை’ என்று எழுதுவார். இந்தியாவிலிருந்து வரும் நீண்ட காணொளி விமர்சனங்களை எல்லாம் விட கிளின்ரனின் பத்தியில் நேர்மை தெரிகிறது என்று பலர் சொன்னதற்கு, அதில் பாதி றிகாஸுடையது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இன்னொரு கொள்கையும் அவருக்கு இருந்தது. எந்தப் படத்தையும் இரண்டாந்தரம் பார்க்க மாட்டார். ‘இரண்டாந்தரம் பார்த்து மனம் மாறுகிற விமர்சகர், முதல் தரம் தூங்கியவர்’ என்று ஒருமுறை எழுதி, அது பேஸ்புக்கில் நன்றாகச் சுற்றியது. பிறகு அந்த வரியே அவருடைய கழுத்தைப் பிடித்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இடைவேளையோடு எழுந்து போவதற்குக் காரணம் உண்டு. அது அழகியல் சார்ந்ததல்ல.

2007இல், யுத்த காலத்தில், ஒரு சனிக்கிழமை, முப்பத்தொரு வயதில், கிளின்ரன் இரண்டரை மணிக் காட்சிக்குப் போய் முழுப்படமும் பார்த்துவிட்டு ஐந்தே காலுக்கு வெளியே வந்தார். வெயில் இன்னும் இருந்தது. படலையில் பொலிசும் ஆமியும் நின்றார்கள். அடையாள அட்டை. அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அம்மா பிரசவத்துக்குத் தன் தாய்வீடு போயிருந்தார். மூன்றாம் மாதமே பிள்ளையோடு கொழும்புக்குத் திரும்பிவிட்டார். அட்டையில் மூன்றாம் மாதம் பற்றி எழுத இடம் இல்லை. முப்பது பேரோடு சுவரோரம், படத்தின் சுவரொட்டிக்குக் கீழே நிறுத்தினார்கள்.

பக்கத்தில் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். கையில் கச்சான் கடலைச் சுருள். அவர் முகத்தைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார்:

“கடைசிக்கட்டம் கொஞ்சம் இழுவை, என்ன?”

“ஓம்” என்றார் கிளின்ரன்.

அவ்வளவுதான் கதைத்தார்கள். அந்த மனிதரைக் கூப்பிட்டு வேறொரு வாகனத்தில் ஏற்றினார்கள். கிளின்ரன் இரண்டு நாள் பொலிஸ் நிலையத்துத் தரையில் இருந்து, பங்குத்தந்தையின் கடிதத்தோடு வெளியே வந்தார். மற்றவர் என்ன ஆனார் என்று தெரியாது. பெயர் தெரியாதபடியால் விசாரிக்கவும் முடியவில்லை. மாதக்கணக்கில் பத்திரிகைகளில் காணாமற்போனவர்களின் படங்களில் அந்த முகத்தைத் தேடினார். தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படத்துக்கு ஒரு விமர்சனம் எழுதி அனுப்பினார். ‘கடைசிக்கட்டம் சற்று இழுவை’ என்று அதில் ஒரு வரி. ஆசிரியர் பிரசுரித்துவிட்டு அடுத்த படத்துக்கும் கேட்டார். பதினெட்டு வருடங்களாக எல்லா விமர்சனத்திலும் அந்த வரி வருகிறது. அது தன்னுடையதல்ல என்பதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இன்று கொழும்பில் சினிமா முடிந்து வருகிறவர்களை ஒருவரும் மறிப்பதில்லை. முச்சக்கர வண்டிக்காரர்களைத் தவிர. கிளின்ரனுக்கு அது தெரியும். ஆனால் பயம் பத்திரிகை வாசிப்பதில்லை. இடைவேளை விளக்கு அணைந்து, கதவு மூடி, இனி இந்தக் கதவு திறக்கும்போது வெளியே யார் நிற்பார்கள் என்ற கேள்வி வருவதற்கு முன்பே அவருடைய கால்கள் தெருவில் இருக்கும்.

இந்த நிலையில் ‘லிப்ட் பழுது’ வந்தது.

வெள்ளவத்தைச் சாரங்கன், முப்பது வயது, சொந்தமாக எடுத்த படம். கொள்ளுப்பிட்டியில் எழுபது பேர் இருக்கக்கூடிய ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் காட்சி. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, லிப்ட் பழுது, ஆறாம் மாடியில் தனியே இருக்கும் ஒரு பெண். சனங்கள் காஸ் சிலிண்டரோடும் அரிசி மூட்டையோடும் படி ஏறுகிறார்கள். அந்தப் பெண் கதவைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார். வாய் திறப்பதே இல்லை. ஐம்பது நிமிடத்தில் மின்சாரம் நின்று திரை முழு இருட்டாகிறது. இருட்டில் படியேறும் காலடிச் சத்தம் மட்டும்.

இது இடைவேளை இல்லாத படம். இருட்டு வந்ததும் படம் முடிந்தது என்று அவருடைய கால்கள் தீர்மானித்துவிட்டன. எழுந்து வெளியே வந்து படியிறங்கினார். உள்ளே கைதட்டல் கேட்கவில்லை. நல்ல படங்களுக்குப் பிறகு சனம் அப்படித்தான் உறைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சுயாதீனப் படங்களை றிகாஸ் பார்ப்பதில்லை. ஆகவே இதுதான் பல வருடங்களுக்குப் பிறகு முழுக்க முழுக்கத் தானே எழுதிய விமர்சனம் என்ற பெருமை வேறு.

‘படத்தை இருட்டில் நிறுத்திவிடும் துணிவு நம்மவரிடம் இதுவரை இருந்ததில்லை. அந்தப் பெண் வாய் திறக்காததே படத்தின் வெற்றி. அவர் கதைத்திருந்தால் இது இன்னொரு கண்ணீர்ப் படமாகிச் சரிந்திருக்கும்’ என்று எழுதினார். கடைசிக்கட்டம் இழுவை என்ற வரியை முதல்முறையாக விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் சாரங்கன் போன் எடுத்து, வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சைவக்கடை ஒன்றுக்கு வரச்சொன்னார். மெலிந்த பொடியன், கண்ணுக்குக் கீழே கருவளையம். தேநீர் வந்தது.

“சேர், நீங்கள் எழுதினதை நாலு தரம் வாசிச்சனான். முதல் கோவம்தான் வந்தது. செக்கண்ட் ஹாபைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.”

கிளின்ரனின் கோப்பை மேசைக்கும் உதட்டுக்கும் நடுவில் நின்றது.

“செக்கண்ட் ஹாப்” என்றார். அதைக் கேள்வி என்றும் சொல்ல முடியாது, பதில் என்றும் சொல்ல முடியாது.

“நாப்பது நிமிசம் சேர்! கரண்ட் வந்து, லிப்ட் வெளிச்சம் பத்தி, அருந்ததி அக்கா கதைக்கத் தொடங்குறா. அதில பதினொரு நிமிசம் ஒரே ஷொட். அதை நீங்கள் இல்லாத மாதிரியே எழுதியிருந்தனீங்கள். பிறகுதான் எனக்கு விளங்கினது. திட்டுறதை விட அதுதான் பெரிய திட்டு, என்ன?”

கிளின்ரன் கோப்பையைக் கீழே வைத்தார். தட்டில் தேநீர் சிந்தியது.

“வரதராசா மாஸ்டரும் எழுதிட்டார், பாத்தனீங்களோ? ‘இருட்டின் அழகியல்’ எண்டு பேஸ்புக்கில மூண்டு பகுதி. நீங்கள் சொன்னதுதான் சரி, பிற்பாதி தேவையில்லை எண்டு. அதுக்குக் கீழ நூற்றிநாப்பது கொமெண்ட். எல்லாரும் அப்பிடியேதான் நினைச்சவையாம்.”

வரதராசா மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முதல் காட்சியில் முன்வரிசையில் இருந்து முடிவுக்கு எழுந்து நின்று கைதட்டி, வாசலில் சாரங்கனைக் கட்டிப்பிடித்தவர். பத்திரிகை வந்த பிறகு அவருக்குத் தான் உண்மையில் சலிப்படைந்திருந்தது தெரியவந்தது.

“வெட்டிட்டன் சேர்” என்றார் சாரங்கன். “இருட்டோட முடியுது. ஐம்பத்திரண்டு நிமிசம். வெளிநாட்டு விழா ஒண்டுக்கு அனுப்புறன், திங்கக்கிழமை கடைசித் திகதி. சனிக்கிழமை இஞ்ச சின்ன ஹோலில காட்டிக் கலந்துரையாடல் வைக்கிறம். நீங்கள்தான் பேசவேணும்.”

“அந்த அம்மா... நடிச்சவ?”

“அருந்ததி அக்காவோ? அவ நடிகை இல்லை சேர். அது அவவின்ர சொந்தக் கதை. ரெண்டாயிரத்தி எட்டில அவவின்ர அவரைக் கொண்டுபோனவை. பதினேழு வருசமா அதைப் பற்றி ஒருத்தரிட்டயும் கதைக்காத மனிசி. நான் ஒரு வருசம் பின்னால திரிஞ்சு கதைக்க வைச்சனான். வெட்டுறன் எண்டு சொல்லேக்க ஒண்டும் சொல்லேல்லை. ‘எழுதினவருக்குத் தெரியுந்தானே தம்பி’ எண்டா.”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று நாம் நினைக்கிறோம். நாமும் சாதாரண மனிதர்கள்தான். நம்மை நமக்குத் தெரியும். கிளின்ரன் “பாப்பம்” என்று சொல்லிவிட்டு எழுந்து, கதவைத் தள்ள முயன்று, இழுக்க வேண்டிய கதவு அது என்று பின்னால் ஒருவர் சொல்ல, வெளியே வந்தார்.

முதல் இரண்டு நாள் பயம் தன்னைப் பற்றியதாக இருந்தது. பிடிபட்டால் பத்தி போகும். அந்தப் பத்தி இல்லாவிட்டால் ஒருகொடவத்தையில் முத்திரை இலக்கம் பார்க்கும் ஒரு கிளார்க் மட்டும் மிஞ்சுவார். பிடிபடாவிட்டாலோ, ஒரு பெண் பதினேழு வருடம் கழித்துச் சொன்னது திங்கட்கிழமையோடு இல்லாமல் போகும். அவருடைய கணவரைக் கொண்டுபோனவர்களுக்கும் இதுதானே விருப்பம் என்ற எண்ணம் மூன்றாம் நாள்தான் வந்தது.

றிகாஸிடம் போனார்.

“அண்ணே, நீங்க அந்தப் படத்த எனக்கிட்ட செல்லியிருந்தா நான் போய்ப் பாத்திட்டு வந்து கதை செல்லியிருப்பனே” என்றான் றிகாஸ், உண்மையான கவலையோடு. “இப்ப ஒரு வழி ஈக்கி. முழுப்படத்தையும் இன்னொருக்கா பாக்கோணும்னு கேளுங்க. பாத்திட்டு, ஆ, இப்ப புடிச்சிட்டுன்னு செல்லுங்க. யாருக்கு என்ன விளங்கப் போகுது?”

அது நல்ல வழியாகப் பட்டது. உண்மையும் சொல்ல வேண்டாம், படமும் பிழைக்கும். சாரங்கனுக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை முழு வடிவத்தையும் காட்டினால் ஒப்பிட்டுக் கதைக்கலாம் என்றார். சாரங்கன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றார்.

வியாழக்கிழமை, முற்றத்துக் கந்தோர் மேசையில் இருக்கும்போது தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது. தெரியாத இலக்கம் என்றால் கிளின்ரன் மூன்றாவது அடிக்குத்தான் எடுப்பார்.

“நான் அருந்ததி. சாரங்கன்தான் நம்பர் தந்தவர். வேலையில இருக்கிறீங்களோ தம்பி?”

“இல்லை... ஓம். சொல்லுங்கோ அக்கா.”

“நான் சண்டைக்கு எடுக்கேல்லை. படத்தைப் பற்றி எனக்கொண்டும் தெரியாது. ஒண்டுதான் கேக்கோணும். நான் கதைச்சதில எந்த இடம் பிழைச்சது?”

வெளியே ஒரு லொறி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பீப் பீப் சத்தம். கிளின்ரன் பார்க்காத பதினொரு நிமிடத்தில் ஒரு பிழையைத் தேடினார்.

“பிழையெண்டு இல்லை அக்கா. கடைசியில கொஞ்சம்...”

பழக்கதோஷம். வாயில் அதுதான் வந்தது.

“கடைசியில எண்டால், அவற்ற சேர்ட்டை மடிக்கிறதோ?”

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஓம்” என்றார். அதே ஓம்.

அந்தக் குரலில் கோபம் இல்லாததுதான் பயங்கரமாக இருந்தது.

“அது நடிப்பில்லை தம்பி. அவர் போன நேரம் கையில அந்தச் சேர்ட்டைத்தான் வைச்சிருந்தனான். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் மடிச்சனான். அதைத்தான் திருப்பிச் செய்து காட்டினனான். சரி, நீங்கள் படிச்ச ஆக்கள், பாத்துத்தானே சொல்லுவீங்கள். வைக்கிறன்.”

அன்றைக்குக் கிளின்ரன் இரண்டு பெட்டிகளுக்கு இலக்கம் மாற்றி எழுதினார். பின்னேரம் வீட்டில், மருந்துக்கடையில் வேலை செய்யும் மனைவி சாமினி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் இருக்கும் மனுசனைப் பார்த்தார்.

“என்ன, அந்த வெள்ளவத்தைப் படமோ?”

“உமக்கு ஒண்டு சொல்லோணும்.”

“படம் முழுக்கப் பாக்கேல்லை. அதுதானே?”

கிளின்ரன் அவரையே பார்த்தார்.

“ரெண்டரைப் படத்துக்குப் போய் நாலரைக்கு வீட்ட வந்து பிளேன்ரீ கேக்கிற ஆளுக்கு நான் பதினெட்டு வருசமாச் சமைக்கிறன். படம் மூண்டு மணித்தியாலம். எனக்குக் கணக்குத் தெரியாதோ?”

“ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டால் போகாமல் விட்டிடுவீர். பாதியாவது பாக்கட்டும் எண்டு விட்டனான்.” சாமினி சோற்றுத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். “பொலிசில இருந்து உம்மைக் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு முழு ஓட்டோவும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனீர். அதையும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

சனிக்கிழமை நாலு மணிக்கு வெள்ளவத்தை மண்டபத்தில் நாற்பது பேர். கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ரயில் பாதையின் சத்தம் கேட்கும் தூரம். கிளின்ரன் கடைசி வரிசையில் கதவோரக் கதிரைக்குப் போனார். அதில் ஏற்கனவே ஒரு பெண் இருந்தார். அறுபது வயது, பருத்திச் சேலை, மடியில் கைப்பை. திரையில் வாய் திறக்காத அதே முகம்.

“இருங்கோ தம்பி” என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினார் அருந்ததி. “நானும் கதவடியிலதான் இருப்பன்.”

வாசகர் இங்கே வேறொன்றை எதிர்பார்க்கக் கூடும். சுவரோரம் கச்சான் சுருளோடு நின்ற மனிதர் இவருடைய கணவரல்ல. இவருடைய கணவர் சினிமாவுக்கே போகாதவர். பிடிபட்டதும் வேறு வருடம், வீட்டில் வைத்து. வாழ்க்கை அவ்வளவு வசதியாகக் கதை பின்னுவதில்லை. ஒரே ஆளை இரண்டு கதைக்குப் பாவிக்கத் தேவையில்லாத அளவுக்கு ஆட்களைக் கொண்டுபோயிருந்தார்கள்.

படம் ஓடியது. காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, திறந்து மூடும் கதவு. ஐம்பதாவது நிமிடம் இருட்டு.

நாற்பது செக்கன் என்று சாரங்கன் பிறகு சொன்னார். கிளின்ரனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லுவார். முதலில் கதிரை நுனிக்கு நகர்ந்தார். பிறகு காது அடைத்தது. திரையில் யாரோ படியேறினார்கள். அந்தச் சத்தம் திரையில் வருகிறதா மண்டபத்துக்கு வெளியே வருகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. பின்னால் இருக்கும் கதவு இப்போது திறக்கும், டோர்ச் வெளிச்சம் முகத்தில் விழும், ‘அட்டை’ என்று ஒருவன் கேட்பான் என்று முதுகு காத்திருந்தது. சேர்ட் கழுத்து வரைக்கும் நனைந்தது. கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

“போறீங்களோ?” என்று இருட்டில் அந்தக் குரல் கேட்டது. கேட்ட விதத்தில் குற்றம் இல்லை. போனால் தானும் வரலாமா என்று கேட்பதுபோல இருந்தது.

அவர் இருந்துவிட்டார்.

திரையில் லிப்ட் வெளிச்சம் பற்றியது. அந்தப் பெண் கமராவைப் பார்க்காமல், திறந்த லிப்டைப் பார்த்துக் கதைத்தார்.

“ஆறு மாசமா இது பழுது. அண்டைக்கு மட்டும் வேலை செய்தது. நாலு பேர் வந்தவை. படியால வந்திருந்தால் எனக்குச் சத்தம் கேட்டிருக்கும். இவர் லிப்டுக்குள்ள நிண்டு என்னைப் பாத்து, ‘சோத்தை மூடி வையும், வாறன்’ எண்டவர். கதவு பூட்டினது. அடுத்த நாள் திரும்பப் பழுதாப் போட்டுது.”

அதற்குப் பிறகு அவர் நெடுநேரம் வேறு என்னென்னவோ சொன்னார். சோறு எத்தனை நாள் மூடியபடி இருந்தது, யார் யார் வந்து எதுவும் கேட்காமல் போனார்கள், எந்த எந்தக் கந்தோரில் எந்தக் கதிரையில் இருந்தார் என்றெல்லாம். அழவில்லை. கண்ணீர்ப் படமாகச் சரியவும் இல்லை. கடைசியில் ஒரு நீலச் சேர்ட்டை எடுத்து, இரண்டு கையையும் உள்ளே மடித்து, நெஞ்சுப்பக்கத்தைத் தடவிவிட்டு வைத்தார். கிளின்ரனுக்குப் பக்கத்தில், மடியில் இருந்த கைப்பையின் மேல் அதே கைகள் அதே அளவில் அசைந்தன.

விளக்குப் போட்டார்கள். வரதராசா மாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்து, பிற்பாதியை மீண்டும் பார்த்தபோது தன் கட்டுரையின் நியாயம் இன்னும் உறுதிப்பட்டதாகச் சொல்லி, கடைசி வரிசையாரை முன்னுக்கு அழைத்தார். கைதட்டினார்கள்.

கிளின்ரன் றிகாஸின் வழியையே எடுத்தார்.

“இன்றைக்குப் பார்த்தபோது என்னுடைய கருத்து மாறிவிட்டது. பிற்பாதி வேண்டும். வெட்டக் கூடாது.”

சாரங்கன் முன்வரிசையில் எழுந்து சிரித்தார். “வேண்டாம் சேர். அருந்ததி அக்கா உங்களுக்குப் போன் எடுத்தவ எண்டு தெரியும். இரக்கத்துக்காக மாத்தாதேங்கோ. ‘இரண்டாந்தரம் பார்த்து மனம் மாறுகிற விமர்சகர், முதல் தரம் தூங்கியவர்.’ நீங்கள் எழுதினதுதானே? நான் உங்கட முதல் பார்வையைத்தான் நம்புறன். வெட்டினது வெட்டினதுதான்.”

மண்டபம் மகிழ்ச்சியோடு கைதட்டியது.

கிளின்ரன் கதவைப் பார்த்தார். அது மூடியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அருந்ததி கைப்பையோடு நேரே இருந்து, படிச்ச ஆக்கள் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்.

“நான் முதல் தரம் பாக்கேல்லை” என்றார் கிளின்ரன்.

சிரித்தார்கள். மாஸ்டர் கூட “நல்ல முரண்” என்றார்.

“பகிடியில்லை. இருட்டு வந்தவுடன எழும்பிப் போயிட்டன். படம் முடிஞ்சுதெண்டு நினைச்சனான். செக்கண்ட் ஹாப் இருக்கெண்டதே சைவக்கடையிலதான் எனக்குத் தெரியும். எல்லாப் படத்துக்கும் அப்பிடித்தான். பதினெட்டு வருசமா.” கதவைக் காட்டினார். “எனக்குப் பயம். படம் முடிஞ்சு வெளிய வாறதுக்குப் பயம்.”

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. சாரங்கனின் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது.

“பாக்காத ஆள் சொல்லியோ நான் வெட்டினனான்?” என்றார். “இந்த மனிசியிட்டப் போய், உங்கட கதை தேவையில்லை எண்டு நான்... சேர், உங்களுக்கு வெக்கமில்லையோ?”

“இருக்கு” என்றார் கிளின்ரன்.

“திங்கக்கிழமை முழுசாத்தான் போகும்” என்று சாரங்கன் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மடிக்கணினியைச் சத்தமாக மூடினார்.

வரதராசா மாஸ்டர், தன் கட்டுரை கிளின்ரனை நம்பி எழுதப்பட்டதல்ல, சுயாதீனமானது, ஆகவே அது நிற்கும் என்று தெளிவுபடுத்தினார். அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை. எல்லோரும் கதிரைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அருந்ததி நடைபாதையில் வந்து கிளின்ரனுக்கு முன்னால் நின்றார்.

“அப்ப சேர்ட் மடிச்சது பிழையில்லை?”

“நான் அண்டைக்குப் பாக்காமல் சொன்னனான் அக்கா. இண்டைக்குப் பாத்தன். ஒரு பிழையுமில்லை.”

அவர் தலையாட்டினார். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம், தலையாட்டினார், அவ்வளவுதான். “இறங்குவம் தம்பி. சனத்தோட சேந்து இறங்கினால் நல்லது.”

படத்தின் முடிவுவரை இருந்து வெளியே வருவது பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. ஒழுங்கையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலுக்கு நேரே ஒரு பொலிஸ்காரர் நின்றார். கிளின்ரனின் கால்கள் கடைசிப் படியில் ஒட்டிக்கொண்டன.

“மஹத்தயா, பிக்சர் எக்க இவரத?” என்று கேட்டார் பொலிஸ்காரர். படம் முடிந்துவிட்டதா என்றுதான் கேட்டார். பார்க் பண்ணிய வாகனங்கள் ஒழுங்கையை அடைத்துக்கொண்டிருந்தன. எப்போது எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கிளின்ரனுக்கு அது விளங்கிய நேரத்தில், அவருடைய கை ஏற்கனவே சேர்ட் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருந்தது. பக்கத்தில் பார்த்தார். அருந்ததியும் கைப்பையைத் திறந்து தன்னுடையதை நீட்டிக்கொண்டு நின்றார்.

இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பொலிஸ்காரருக்கு. இரண்டு அட்டைகளையும் மாறிமாறிப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல், “எப்பா, எப்பா” என்று, வேண்டாம் என்பதாகக் கையசைத்துவிட்டு ஒரு வானை நிறுத்தப் போனார்.

“ஒவ்வொரு படத்துக்கும் கடைசிக்கட்டம் இழுவை எண்டு எழுதுறனீங்களாமே” என்றார் அருந்ததி, இன்னும் அட்டையைப் பிடித்தபடி. “இதுக்கும் எழுதுவீங்களோ?”

“இல்லை அக்கா. இதுக்கு எழுதமாட்டன்.”

அட்டையைப் பைக்குள் வைக்க முயன்றார். மூன்றாம் தடவைதான் உள்ளே போனது.